ஆறாவது பெஞ்சு மேல விழுகிற சிவப்பு

22 வருடமாகக் கோவையில் கண்ணாடி வேலை பார்க்கிறேன். கடை முகப்பு, ஆபீஸ் தடுப்பு, குளியலறைக் கதவு. கண்ணாடி இருப்பதே தெரியாமல் மாட்டினால் எங்கள் தொழிலில் அது நல்ல வேலை. அதனால் ஒரு பழைய தேவாலயத்தின் வண்ண ஜன்னலைச் சரிசெய்யக் கூப்பிட்டபோது, நாலு நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். ஏழு வாரம் ஆனது.

மேற்கு ஜன்னல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று நேராக அதன் மேல்தான் மோதும். கீழ்ப் பலகம் தொப்பை போட்டிருந்தது. ஒரு சிவப்புத் துண்டு விழுந்துபோய், அங்கே அட்டை ஒட்டியிருந்தார்கள். கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப் பட்டையை எல்லாம் பிடுங்கிவிட்டு சிலிக்கான் பசை போட்டால் நூறு வருடம் நிற்கும் என்று ஆயரிடம் சொன்னேன். நல்லவேளை, அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

முன்பு யாரோ இரண்டு இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சரியாக அந்தச் சிமெண்டை ஒட்டித்தான் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஈயம் காற்றுக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதன் பள்ளத்தில் மக்குப் பசை வைத்துக் கண்ணாடியை உட்கார வைத்திருப்பார்கள். பலகத்தைக் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியோடு செம்புக் கம்பியால் கட்டியிருப்பார்கள். ஈயம் தளரும்போது அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கண்ணாடி தப்பிக்கும். சிமெண்ட் எங்கே வளையும்? சிலிக்கான் யோசனையை அப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

என் தப்பு துடைக்கும்போது நடந்தது. நீலமும் சிவப்பும் கண்ணாடி உருக்கும்போதே சேர்வது, நீலத்துக்குக் கோபால்ட். ஆனால் முகம், முடி, துணி மடிப்பு எல்லாம் அப்புறம் வரைவது. இரும்பு ஆக்சைடையும் கண்ணாடிப் பொடியையும் குழைத்துத் தீட்டி, 600 டிகிரிக்கு மேல் சுட்டு ஒட்ட வைக்க வேண்டும். மஞ்சள் பெரும்பாலும் வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு வழக்கமான ஸ்பிரேயை அடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் தவிட்டு நிறக் கறை. மேலே பார்த்தால் அங்கியின் ஒரு மடிப்பைக் காணோம். சரியாகச் சுடாத கோடு அது.

அன்று மாலையே ஆயரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெயின்டில் வரைந்துவிடலாமா என்று கேட்டார். ரெண்டு வருடத்தில் உரிந்துவிடும் என்றேன். மறுபடி சூளையில் வைக்கவும் பயம், மிச்சக் கோடும் என்ன ஆகுமோ. போட்டோ எடுத்து, எந்த மடிப்பு, எந்தத் தேதி, யாரால் என்று எழுதிக் கோயில் அலமாரியில் வைத்தோம். அதன் பிறகு பஞ்சும் சுத்தத் தண்ணீரும்தான். முகங்களை நான் தொடவே இல்லை.

சிவப்புக்கு ஊரெல்லாம் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் ரத்தக் கட்டி மாதிரி இருண்டது. கடைசியில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். விழுந்த துண்டை அப்போதே பொறுக்கி வைத்திருக்கிறார், மனுசன்! இரண்டு சில்லு. உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளைக் கண்ணாடி, மேலே மட்டும் மெல்லிய சிவப்புத் தோல். தேங்காய்ச் சில்லு மாதிரியே. முழுக்கச் சிவப்பாக ஊற்றினால் கருப்பாகத் தெரியும் என்பதால் இப்படிச் செய்வார்களாம். இரண்டையும் ஓரத்தில் செம்புத் தகடு சுற்றிச் சால்டரிங் வைத்துச் சேர்த்தேன்.

மாட்டிய அன்று நாலரை மணிக்குக் கோயில்பிள்ளை கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, இந்தச் செவப்பு முன்னெல்லாம் ஆறாவது பெஞ்சு மேல விழுகுமுங்க. வந்து பாருங்க, விழுகுது."

போய்ப் பார்த்தோம். பெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. குறுக்கே மெல்லியதாக ஒரு நிழல்.

"நடுவுல என்னமோ கோடு தெரியுதுங்களே?"

"அது நான் போட்டதுங்க" என்றேன்.