மச்சானின் ஹைலக்ஸும் அந்த 30 நியூட்டன் மீற்றரும்

மச்சான் போன மாதம் 2020க்கு முந்தின ஒரு 2.8 லீற்றர் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாங்கினான், மனுவல் கியர். வாங்கி மூன்றாம் நாளே மனக்குறை தொடங்கிவிட்டது. அதே எஞ்சின் ஆட்டோ கியரோடு வந்தால் இழுவை (எஞ்சினின் முறுக்கு விசை) 450 நியூட்டன் மீற்றர், இவனுடையதில் 420. "எனக்கு மட்டும் ஏன் குறைச்சு வச்சவங்கள்? எஞ்சின் கம்பியூட்டரில இழுவையை ஏத்தித் தாறன் எண்டு ஒருத்தர் சொல்லுறார் மச்சான்" என்றான்.

வேண்டாம் என்று உடனே சொன்னேன். 2020இல் அதே எஞ்சினை ஆட்டோவில் 500 ஆக்கினார்கள், மனுவலின் 420ஐத் தொடவே இல்லை. எஞ்சினால் முடியும், ஆனால் அதைத் தாங்க வேண்டியது பின்னால் இருக்கிற கிளட்சும் கியர்பொக்ஸும். ஆட்டோவில் புறப்படும்போது எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் வேலை செய்கிறது, திடீர் அடியை அது வாங்கிக்கொள்ளும். மனுவலில் அந்த அடி கிளட்ச் தட்டில் நேராக விழும்.

என்னிடம் இருப்பது டர்போ இல்லாத பழைய 5எல் டீசல் எஞ்சின் வண்டி, 2986 சிசி. அவனுடைய இழுவையில் பாதிகூட வராது, ஆனாலும் முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் ஆக்சிலேற்றரை மிதிக்காமலே ஊர்ந்து போகும். அவனுடைய எஞ்சினுக்கு முழு இழுவை நிமிடத்துக்கு 1400 சுற்றில்தான் வருகிறது, அதுவரை பொறுக்காமல் சேற்றுக்குள் அரைக் கிளட்சில் வைத்து முறுக்குகிறோமே, அங்கேதான் கருகத் தொடங்குகிறது. இரண்டு வருடத்துக்கு முன் காலபோக வெட்டு நேரம், ஒட்டுசுட்டான் பக்கம் பதினைந்து மூட்டை நெல்லோடு ரிவேர்சில் வரம்பு ஏறப் பார்த்து என்னுடைய கிளட்சும் அப்படித்தான் போனது. அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. அன்றைக்கு லோ கியர், அதாவது நாலு சக்கரமும் இழுக்க வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஃபோர் வீல் லோ, போட்டிருக்க வேண்டும், அவசரத்தில் போடவில்லை.

ஹைலக்ஸில் ஃபோர் வீல் லோ போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் இரண்டரை மடங்காகும், கிளட்சை முழுதாக விட்டுவிட்டே ஏறலாம். இதற்கு முன்னால் 30 நியூட்டன் மீற்றர் எந்த மூலைக்கு? ஒன்று மட்டும் கவனம்: சக்கரம் புதைந்து நிற்கும்போது லோவில் போட்டு மிதித்தால் கிளட்ச் தப்பும், அக்சில் முறியும். அப்புறம், வயலால் வந்து ஏ9 தார் ரோட்டில் ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிட வேண்டும். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஓடும் தூரம் வேறு, காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் அந்த இறுக்கம் முழுவதும் கியருக்குள் போய்விடும்.

மச்சான் இன்னும் முழுதாக நம்பவில்லை. வருகிற ஞாயிறு முத்தையன்கட்டுப் பக்கம் வயலுக்குள் கூட்டிப்போய் லோவில் ஏற்றிக் காட்டப் போகிறேன்.