குதிகாலைத் தூக்கலாமா? மலை கோல்ஃப் மைதானத்தில் பழைய ஸ்விங்கும் புதிய ஸ்விங்கும்

கோல்ஃப் ஸ்விங்கில், அதாவது கிளப் என்ற மட்டையை வீசும் முறையில், பழைய பாணி ஒன்று, புதிய பாணி ஒன்று. புதிய பாணியிலிருந்து ஸ்ட்ராங் கிரிப்பையும் (இடது கையை வலப்பக்கம் அதிகம் திருப்பிப் பிடிப்பது) பழைய பாணியிலிருந்து மணிக்கட்டைப் புரட்டும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டால், பந்து இடது பக்கப் புதருக்குத்தான் போகும். தலைகீழாகச் செய்தாலும் பலனில்லை. வீக் கிரிப்பில் (இடது கையை இடப்பக்கம் திருப்பி) பிடித்துக்கொண்டு "கையைச் சும்மா வை, உடம்பைத் திருப்பு" என்ற புதிய பாடத்தைப் பின்பற்றினால் ஒவ்வொரு பந்தும் வலப்பக்கம் வளையும். ஊட்டியிலும் வெலிங்டனிலும் கொடைக்கானலிலும் வார இறுதியில் ஆடுகிறவர்களின் பெரும்பாலான சிக்கல் இதுதான். ஸ்விங்கில் தனித்தனியாகத் தப்பான பாகம் எதுவும் இருக்காது. ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்கள்தான் சேர்ந்திருக்கும். (வலது கைக்காரர்களுக்கு எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

பழைய பாணி ஏன் அப்படி இருந்தது என்பதற்குக் கருவிதான் காரணம். அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றது ஹிக்கரி மர ஷாஃப்டில் (கிளப்பின் தண்டு). அந்த மரம் வளைவதோடு நிற்காமல் தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் கிளப் தலை பின்தங்கி ஃபேஸ் (பந்தில் படும் முகம்) வலப்பக்கம் திறந்துவிடும். அதனால் நிதானமான தாளமும், கடைசி நேரத்தில் ஃபேஸை மூடிக் கொடுக்கும் கையும் தேவைப்பட்டன. எஃகு ஷாஃப்டை, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ 1929-இல் அனுமதித்தது. முறுக்கு குறைந்ததும் கையின் வேலையும் குறைந்தது. கால்களும் இடுப்பும் முன்னே போய் இழுக்கும் ஸ்விங் வந்தது. 1945-இல் தொடர்ந்து 11 போட்டிகளை வென்ற பைரன் நெல்சனைப் புதிய ஸ்விங்கின் தந்தை என்று சொல்வது இதனால்தான்.

இன்றைய டிரைவர் (நெடுந்தூர அடிக்கான கிளப்) இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. 460 சிசி வரை போகும் அந்தப் பெரிய தலை, ஓரத்தில் பட்டாலும் எளிதில் திரும்பாது. நல்லதுதான். ஆனால் கடைசி நொடியில் கையால் மூடப் பார்த்தாலும் எளிதில் திரும்பாது. பழைய சிறிய மரத் தலைக்குப் பழகிய கை, புது டிரைவரில் ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் பந்து) அடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி இரண்டையும் கிட்டத்தில் பார்ப்போம்.

பழைய பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் மேலே கொண்டுபோகும் பகுதி) இடுப்பு தாராளமாகத் திரும்பும், 55 அல்லது 60 டிகிரி வரைக்கும். இடது முழங்கால் பந்துக்குப் பின்பக்கம், அதாவது வலது காலை நோக்கி மடங்கும். அந்த இழுப்பில் இடது குதிகால் தானாக ஓர் அங்குலம் எழும். "தானாக" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குதிகாலை வேண்டுமென்றே தூக்குகிறவரின் முழங்கால் பந்தை நோக்கி முன்னால் நீட்டும், தலை தாழும், எடை இடது காலிலேயே தங்கிவிடும். அங்கிருந்து கீழே வரும்போது எடை வலது காலுக்குச் சரிந்து, கிளப் பந்துக்கு முன்பே மண்ணைக் கொத்தும். "பழைய ஸ்டைல் எனக்கு ஒத்து வரவில்லை" என்பவர்கள் பலர் செய்வது இந்தத் தப்பைத்தான்.

புதிய பாணியில் இரண்டு குதிகாலும் தரையில். கால்கள் சற்று அகலம். தோள் 90 டிகிரி, இடுப்பு 45 டிகிரி. நடுவில் உள்ள அந்த வித்தியாசத்தை இழுத்துக் கட்டிய விசையாகப் பயன்படுத்துகிறார்கள். இடது மணிக்கட்டு தட்டையாகவோ, உள்ளங்கைப் பக்கம் லேசாக மடங்கியோ இருக்கும். கீழே வரும்போது இடது கால் தரையை உதைத்து நிமிரும். பந்தைத் தொடும் நேரத்தில் இடுப்பு ஏற்கெனவே இலக்கை நோக்கி 40 டிகிரியாவது திறந்திருக்கும். ஃபேஸ் முன்னமே மூடிய நிலையில் இருப்பதால் உடம்பு சுழன்றுகொண்டே இருந்தாக வேண்டும். சுழற்சி நின்றால் கை புரண்டு ஹூக் (இடப்பக்கம் வளையும் பந்து) விழும்.

இடுப்பை இப்படிப் பூட்டித் தோளை மட்டும் திருப்ப இருபத்தைந்து வயது உடம்பு வேண்டும், அல்லது ஜிம் பழக்கம் வேண்டும். டிசம்பர் காலை ஊட்டியில் உறைபனி கரையும் முன்பே முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடம்) நிற்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அது கிடைக்காது. தோள் 70 டிகிரியில் நின்றுவிடும். ஆனால் மனம் கேட்காது. மீதியைக் கைகள் தூக்கிச் சரிக்கட்டும். தூக்கிய கை கீழே வரும்போது வெளியிலிருந்து உள்ளே வெட்டும். இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிற ஸ்லைஸ் அப்படித்தான் பிறக்கிறது. கீழ்முதுகு வலி தனிக் கணக்கு. அதற்காகப் பழைய பாணி முதுகுக்கு முழுக்க நல்லது என்றும் சொல்ல முடியாது. 1970-களில் பலர் அடித்து முடித்ததும் இடுப்பை முன்னே தள்ளி முதுகைப் பின்னால் வளைத்து நின்ற அந்த ஃபினிஷ், முதுகுத்தண்டுக்குப் பகை. அதை எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான்: மேலே போகும்போது பழைய பாணி, கீழே வரும்போது புதிய பாணி. இரண்டையும் கலக்கலாம், ஆனால் ஒட்டுப்போடும் இடம் பேக்ஸ்விங்கின் உச்சியாக இருக்க வேண்டும்.

செய்முறை: 7 அயர்னை (நடுத்தர தூரத்துக்கான இரும்புத் தலைக் கிளப்) எடுங்கள். இரண்டு பாதங்களின் உட்பக்கமும் தோளகலம். வலது பாதத்தை 15 முதல் 20 டிகிரி வெளியே திருப்பி வையுங்கள். இடுப்பு திரும்ப இது மட்டுமே பாதி வேலையைச் செய்யும். பந்து நடுவில், அல்லது ஒரு பந்தளவு இடப்பக்கம். இடது கையைக் குனிந்து பார்த்தால் இரண்டரை விரல் முட்டிகள் தெரியட்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் வீக் கிரிப். நான்கு தெரிந்தால் அதற்கு ஏற்ற சுழற்சி உங்களிடம் இல்லாதவரை அது வம்பு. மேலே போகும்போது வலது பின்பாக்கெட் பின்னால் இழுபடட்டும், குதிகால் எழுந்தால் எழட்டும். இடது தோள் தாடைக்குக் கீழே வந்ததும் போதும். ஷாஃப்ட் தரைக்கு இணையாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே இடது குதிகாலை அதே இடத்தில் அழுத்தி வையுங்கள். கை இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போது கால் இறங்குகிறது. மாங்காய்க்குக் கல் எறிகிறவர் முன்காலை ஊன்றிவிட்டுத்தான் கையை வீசுவார், அதே வரிசை. அதன் பிறகு கைக்கு வேலை இல்லை. மார்பு இலக்கைப் பார்க்கும்வரை திருப்பிக்கொண்டே போங்கள்.

இங்கே அமெரிக்க வீரர் பென் ஹோகனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவருக்கு வாழ்நாள் பகை ஹூக். அதை ஒழிக்கத்தான் கிரிப்பை வீக்காக்கி, உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கினார். ஏற்கெனவே ஸ்லைஸ் அடிப்பவர் அவர் படத்தைப் பார்த்து அதையே செய்தால், நோயில்லாதவர் மருந்தைக் குடித்த கதைதான்.

பந்து சுத்தமாகப் படுகிறதா என்று பார்க்கப் பந்தே தேவையில்லை. புல்லில் ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோடு இரண்டு கால்களுக்கும் நடுவில் வரும்படி நின்று, கோட்டை ஒட்டியே நகர்ந்து நகர்ந்து பத்து முறை வீசுங்கள். மண் பெயர்வது கோட்டிலோ அதற்கு இடப்பக்கமோ தொடங்க வேண்டும். கோட்டுக்கு வலப்பக்கம் தொடங்கினால் எடை பின்காலிலேயே இருக்கிறது, அல்லது மணிக்கட்டின் மடிப்பை மேலேயே அவிழ்த்துவிட்டீர்கள். எது என்று பிரித்தறிய ஒரு வழி: வீசி முடித்ததும் வலது காலைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். தடுமாறாமல் நிற்க முடிந்தால் எடை சரி, கைதான் குற்றவாளி. பெயர்ந்த மண் ஆழமாக, இலக்குக்கு இடப்பக்கம் நோக்கி இருந்தால் வெட்டும் பாதை இன்னும் போகவில்லை.

ஃபேஸில் எங்கே படுகிறது என்று பார்க்க டால்கம் பவுடர் தூவினால் போதும். (திருநீறும் வேலை செய்யும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) தடம், ஷாஃப்ட் சேரும் கழுத்துப் பக்கம் விழுந்தால் அடிக்கும்போது பந்தை நோக்கிச் சாய்கிறீர்கள், நுனிப் பக்கம் விழுந்தால் எழுந்து பின்வாங்குகிறீர்கள். கொடைக்கானலில் மஞ்சு இறங்கி ஐம்பது யார்டுக்கு அப்பால் எதுவும் தெரியாத நாளில் இந்தக் கோடும் பவுடரும்தான் உங்கள் கோச்.

இதெல்லாம் சமதரைக் கணக்கு. மலை மைதானத்தில் டீயை விட்டு இறங்கியதும் சமதரை அபூர்வம். அங்கே இரண்டு பாணியின் கவர்ச்சியான பாகங்களையும் மூட்டை கட்டி வைக்க வேண்டும். சரிவில் குதிகால் எழுந்தால் திரும்ப அதே இடத்தில் இறங்காது. தரையை உதைத்து எழும்பினால் பனி ஈரத்தில் கால் வழுக்கும். எனவே பாதங்கள் அசையாமல் முக்கால் ஸ்விங், ஒரு கிளப் கூடுதல் (7 அயர்னுக்குப் பதில் 6).

பந்து காலைவிட மேலே இருந்தால் கிரிப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்து நிமிர்ந்து நில்லுங்கள். கிளப் நுனி உயர்வதால் ஃபேஸ் இடப்பக்கம் பார்க்கும்; லாஃப்ட் (ஃபேஸின் சாய்வு) கூடக்கூட இந்தத் திருப்பமும் கூடும். லாஃப்ட் மிகுந்த வெட்ஜ் என்றால் நன்றாகவே வலப்பக்கம் குறி வையுங்கள், லாஃப்ட் குறைந்த 4 அயர்னுக்குக் கொஞ்சம் போதும். பந்து காலுக்குக் கீழே இருந்தால் முழங்காலை மடக்கி, அடித்து முடிக்கும்வரை அந்த மடிப்பை விடாதீர்கள். நிமிர்ந்தால் தின் (ஃபேஸின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் படுவது), சாய்ந்தால் ஷாங்க் (கிளப்பின் கழுத்தில் பந்து படுவது). ஏற்றத்திலும் இறக்கத்திலும் தோள்களைச் சரிவுக்கு இணையாக வைக்க வேண்டும். ஏற்றத்தில் பந்து உயரே போய்க் குறைந்த தூரமே போகும், இடப்பக்கம் இழுக்கும். இறக்கத்தில் பந்தை ஒரு பந்தளவு வலப்பக்கம் வைத்து, அடித்த பிறகும் கிளப் தலையைச் சரிவோடு கீழே துரத்துங்கள். பந்தைத் தூக்கிவிட நினைத்த நொடியில் பந்தின் தலையில் அடித்துவிடுவீர்கள்.

உயரத்தின் விளையாட்டு இன்னொன்று. ஊட்டியும் கொடைக்கானலும் ஏறத்தாழ 7,000 அடி. காற்று மெலிந்திருப்பதால், சென்னையில் 150 யார்டு பறக்கும் பந்து இங்கே 8 சதவீதம் கூடி 162 பக்கம் போகும். ஒரு கிளப் குறைத்து எடுக்கலாம். குளிர்ந்த காலையில் பந்தும் உடம்பும் இறுகியிருப்பதால் அதில் ஒரு பகுதி போய்விடும், எனவே முதல் சில ஹோல்களில் அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம். மெலிந்த காற்றில் பந்தின் வளைவும் குறையும். இங்கே வந்து ஒரு வாரம் ஆடிவிட்டு "ஸ்லைஸ் சரியாகிவிட்டது" என்று மகிழ்கிறவர்கள், மேட்டுப்பாளையம் தாண்டிக் கீழே போனதும் அதைத் திரும்பச் சந்திப்பார்கள். தொடக்கத் திசையை மட்டும் நம்புங்கள். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஃபேஸ், அது எந்த உயரத்திலும் மாறாது.

அதே மெலிந்த காற்றால் அயர்ன் பந்து தாழ்வாகவே பறந்து, கிரீனில் (குழி உள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) விழுந்தும் ஓடும். புதிய பாணிக்காரர்கள் பெருமையோடு செய்யும் ஷாஃப்ட் சாய்ப்பை இங்கே அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். கை பந்துக்கு நான்கு விரல் முன்னே இருந்தால் போதும். அதற்கு மேல் சாய்த்தால் 8 அயர்ன் 6 அயர்னாகிக் கிரீனைத் தாண்டிவிடும்.

கடைசியாகப் புல். நீலகிரி முழுக்கப் பரவிக் கிடக்கும் கிக்குயூ, வெட்டிய இடத்தில் பந்தை மேலே தூக்கி வைக்கும். அங்கே பழைய பாணியில் பெருக்குவது போல் எடுத்தாலே அழகாகக் கிளம்பும். வளர்ந்த இடத்தில் அதே புல் கிளப்பின் கழுத்தைப் பிடித்துத் திருப்பி ஃபேஸை மூடிவிடும். அங்கே ஃபேஸைக் கொஞ்சம் திறந்து, இடது கையின் கடைசி மூன்று விரல்களை இறுக்கி, செங்குத்தாக இறக்கி, மார்பைத் திருப்புவதை நிறுத்தாமல் அடியுங்கள். கிரீன் ஓரத்தில் 7 அயர்னால் உருட்டிவிடும் வித்தை கிக்குயூவில் எடுபடாது; முதல் துள்ளலையே புல் விழுங்கிவிடும். வெட்ஜை எடுத்துப் பந்தை நேராகக் கிரீனிலேயே இறக்கிவிடுங்கள்.