பின்னிணைப்பில் கிடைத்த வினாத்தாள்

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் படுக்கைப் புண் பற்றி என்ன தெரியும் என்பது என் தலைப்பு. இரண்டு வாரம் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் உட்கார்ந்து முப்பது கட்டுரை சேர்த்துக்கொண்டு போனேன். கைடு மேடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஜர்னல்தானா? கிரே லிட்டரேச்சர் எங்கே?" என்றார்.

தீசிஸ், அரசு அறிக்கை, மாநாட்டுச் சுருக்கம் என்று ஜர்னல் பக்கம் போகாமலே நின்றுவிட்டவை எல்லாம் இதில் அடக்கம். தமிழில் சாம்பல் இலக்கியமாம். ஏதோ கவிதைத் தொகுப்பின் பெயர் மாதிரி இருக்கிறது.

முதலில் சோத்கங்காவுக்குப் போனேன். அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கான இணையதளம். எம்.எஸ்சி. தீசிஸ் வேண்டுமென்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ரெபாசிட்டரியை, அதாவது இணையக் களஞ்சியத்தைப் பார் என்று சீனியர் அக்கா சொன்னார். அங்கே படுக்கைப் புண்ணின் இன்றைய ஆங்கிலப் பெயரான 'பிரஷர் இஞ்சுரி' என்று தேடினேன், சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. அமெரிக்க நிபுணர் குழு 'பிரஷர் அல்சர்' என்ற பெயரை அப்படி மாற்றியதே 2016இல்தான். அதற்கு முந்தைய தீசிஸில் அந்தப் பெயர் எப்படி இருக்கும்? பெட்சோர், பிரஷர் சோர், டெகுபிட்டஸ் என்று பழைய பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்ட பிறகுதான் வரத் தொடங்கின.

உண்மையான புதையல் கடைசிப் பக்கங்களில் இருந்தது. ஜர்னல் கட்டுரையில் "25 கேள்விகள் கொண்ட வினாத்தாள்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். தீசிஸின் பின்னிணைப்பில் அந்த 25 கேள்வியும், விடைக்குறிப்பும், ஒப்புதல் படிவமும், பாடத்திட்டமும், எல்லாவற்றுக்கும் தமிழ் வடிவமும், தமிழ் சரி என்று தமிழாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழும் அப்படியே இருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பதால் உள்ளே சொல் தேட முடியாது. பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. நான் படித்தவற்றில் பயிற்சி கொடுத்த ஒவ்வொரு ஆய்விலும் பயிற்சி பலனளித்திருந்தது! முப்பது பேர், ஒரு ஃப்ளாஷ் கார்டு, ஏழாம் நாள் மறுதேர்வு. சொல்லிக்கொடுத்ததையே திருப்பிக் கேட்டால் மதிப்பெண் ஏறத்தானே செய்யும்? அப்புறம் சி.டி.ஆர்.ஐ. என்ற, இந்தியாவின் மருத்துவச் சோதனை ஆய்வுகளுக்கான பதிவேட்டையும் பார்த்தேன். அங்கே பதிவு செய்து, முடிவு எங்கும் வராமல் போன இரண்டு ஆய்வுகளைத் தனியாகக் குறித்து வைத்தேன்.

நான் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. ஒரு தளத்தில் கிடைத்த நல்ல அறிக்கையின் இணைப்பை மட்டும் குறித்துவிட்டு, கோப்பை இறக்காமல் விட்டேன். மாதம் கழித்துப் பார்த்தால் பக்கமே இல்லை. அந்த மேற்கோளை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தளம், தேடிய சொல், தேதி, கோப்பு என நான்கையும் எக்செல்லில் ஏற்றாமல் அடுத்ததைத் திறப்பதில்லை.

ஒரு தீசிஸிலிருந்த வினாத்தாளை, அதை எழுதிய அக்காவிடம் அனுமதிக் கடிதம் வாங்கிப் பயன்படுத்தினேன். பைலட் ஸ்டடியில், அதாவது சிலரிடம் மட்டும் செய்யும் முன்னோட்டத்தில், முதல் கேள்வியை வாசித்ததும், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா, "அழுத்தப் புண்ணுன்னா என்னம்மா? முதுகுல வருமே, அந்தப் படுக்கைப் புண்ணா?" என்றார். வினாத்தாள் முழுக்க அந்தச் சொல்லை மாற்றினேன். அதற்காகத் தமிழாசிரியரிடம் இன்னொரு சான்றிதழ் வாங்க அலைந்தது தனிக்கதை.