புள்ளி ஆந்தை, வரி ஆந்தை, இரண்டும் கலந்தது: இதுவரை பழகியது

அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன், ஆரிகன் மாநிலக் காடுகளில், அண்ணன் தம்பி மாதிரி இரண்டு ஆந்தைகள் உண்டு. ஸ்பாட்டட் ஆவுல் எனும் புள்ளி ஆந்தை அந்த முதுகாடுகளின் பழைய குடி. பார்ட் ஆவுல் எனும் வரி ஆந்தை கிழக்கிலிருந்து கண்டத்தையே கடந்து வந்து, 1970களில் வாஷிங்டனில் காலூன்றியது. இரண்டுக்கும் உருண்டைத் தலை, கருங்கண்; காதுக் கொண்டை இரண்டுக்குமே கிடையாது. போதாக்குறைக்கு இரண்டும் சில நேரம் இணை சேர்கின்றன. அந்தக் கலப்பினத்துக்கு ஆர்வலர்கள் வைத்த பெயர் ஸ்பார்ட் ஆவுல்.

இவற்றைப் பிரித்தறியப் பழக, முதலில் வரி ஆந்தையைக் கரைத்துக் குடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சியாட்டில் பூங்காக்களிலேயே கிடைக்கும். பகலில் கிளையில் அசையாமல் உட்கார்ந்து, பார்க்க நேரம் கொடுக்கும். மார்பின் மேல்பகுதியில் குறுக்குக் கோடுகள். அவை முடிகிற இடத்தில் சட்டென்று திசை மாறி, வெளிறிய வயிறு முழுக்கப் பழுப்பு நிற நெடுக்குத் தீற்றல்கள். அந்தத் திசை மாறும் இடம் கண்ணில் பதிந்த பிறகு, மற்ற அடையாளங்களை நான் இரண்டாவதாகத்தான் தேடுகிறேன். முகத்தை நம்பி முடிவு செய்வதே இல்லை.

புள்ளி ஆந்தை கொஞ்சம் சிறியது, நல்ல அடர்பழுப்பு. தலையில் வெள்ளைப் புள்ளிகள், மார்பிலும் வயிற்றிலும் வெள்ளைத் திட்டுகள். வயிற்றில் இந்தத் திட்டுகள் வரிசையாக அமைந்து, தூரத்தில் குறுக்குக் கோடு போலத் தெரியலாம். ஆனால் நெடுக்குத் தீற்றல் இருக்காது. இதைப் பெரும்பாலும் படங்களை வைத்தே பழகினேன். இந்தக் காடுகளில் வாழும் கிளையினமான வடக்கத்திய புள்ளி ஆந்தை 1990 முதல் அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பது தொல்லை. பதில் குரல் கொடுத்தால் அதை விரட்டக்கூடிய வரி ஆந்தை பக்கத்தில் இருந்தால் அதற்கும் இடம் தெரிந்துவிடும். அதனால் என் போனில் அந்த ஒலிப்பதிவே இல்லை.

குரல்? புள்ளி ஆந்தையின் வழக்கமான அழைப்பு நான்கு ஒலி: ஒன்று, சிறு இடைவெளி, நெருக்கமாக இரண்டு, கடைசியில் ஒன்று. வரி ஆந்தைக்கு எட்டு, கடைசி ஒலி இழுத்துத் தாழும். அது சில நேரம் முழுதாக முடிக்காமல் விட்டுவிடும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் எதையும் எழுதுவதில்லை.

அப்புறம் கலப்பினம். இரண்டு மாநிலங்களிலும் 1970 முதல் 1999 வரை காலில் அடையாள வளையமிட்ட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆந்தைகளைச் சரிபார்த்ததில், 47 கலப்பினங்கள்தான் தெரியவந்தன. பெரும்பாலும் தாய் வரி ஆந்தை, தந்தை புள்ளி ஆந்தை. முதல் தலைமுறையில் இரண்டின் அடையாளங்களும் கலந்திருக்கும், குரலும் அப்படியே. ஆனால் இவை மலடு அல்ல. திரும்பவும் ஏதாவது ஒரு பெற்றோர் இனத்தோடு சேர்ந்தால், அந்தக் குஞ்சை வெளித்தோற்றத்தில் பிரிப்பது மிகவும் கடினம். மரபணுச் சோதனைதான் வழி.

அதனால் பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் பதிவிட எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். மார்பும் வயிறும் தெளிவாகப் படத்தில் விழாமல் கலப்பினம் என்று போடமாட்டேன். சந்தேகம் என்றால் ‘புள்ளி அல்லது வரி ஆந்தை’ என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பார்த்ததைக் குறிப்பில் எழுதிவிடுவேன். இப்போது பிடரியைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆந்தை முதுகைக் காட்டி உட்காரும்போது கைகொடுப்பது அதுதான்: வரி ஆந்தைக்கு அங்கே குறுக்குப் பட்டைகள், மற்றதற்குப் புள்ளிகள்.