சொல்வதை எழுதுபவர் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். சென்ற கல்வியாண்டில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பொறுப்பைத் துறையில் என்னிடம் ஒப்படைத்தபோது, முதலாமாண்டில் இருவர் சேர்ந்திருந்தனர். ஒருவர் முற்றிலும் பார்வையற்ற மாணவி. மற்றவர், எழுதத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே விரல்கள் இறுகிப் பேனா நழுவிவிடும் மாணவர். இவர்களுக்காகச் செய்தவற்றை எழுதி வைத்தால், இதே பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கவலையோடு இருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

தேர்வறையில் சொல்வதை எழுதுபவரை, அதாவது எழுத்தரை, அமர்த்திவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. ஆனால் பருவம் முழுவதும் பாடத்தைப் படிக்க வழியில்லாத ஒருவர் தேர்வறையில் எதைச் சொல்வார், மற்றவர் எதை எழுதுவார்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கூடுதல் நேரத்தையும் எழுத்தர் உதவியையும் மட்டும் பேசவில்லை. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் உரிய மாற்றங்களைச் செய்வதையும், ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற வசதிகளை அளிப்பதையும் சேர்த்தே சொல்கிறது. எனவே முதல் வாரத்திலேயே பாடக்குறிப்புகளிலிருந்து தொடங்கினோம்.

அங்கேதான் பெரிய தடை இருந்தது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் குறிப்புகளில் பெரும்பாலானவை புத்தகப் பக்கங்களின் ஒளிப்படங்கள். அவற்றைத் திறந்தால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மாணவியின் கைபேசி "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். தட்டச்சு செய்த பழைய குறிப்புகளோ, எல்லாக் கணினிகளும் ஒரே விதமாக அறியும் யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருந்தன. துறைக் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, மாணவிக்கு அருகில் அமர்ந்து ஒரு கோப்பைத் திறந்தேன். "பல்லவர் கால நீர்ப்பாசனம்" என்று என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த தலைப்பை, அந்தக் குரல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பித்தது. "பள்ளியிலும் இப்படித்தான் மேடம், யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு" என்றார் மாணவி.

பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். ஒளிப்படங்களை எழுத்துணரி மென்பொருளில் இட்டு உரையாக்கினோம். துணைக்காலும் ரகரமும் இடம் மாறிக் கிடந்ததால் வரிக்கு வரி பிழைதிருத்த வேண்டியிருந்தது, அந்த வேலையை மூன்றாமாண்டு மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டனர். பதிப்புரிமை கருதிச் சிலர் தயங்கினர். பார்வையற்றோரும் அச்சு நூலைப் படிக்க இயலாத பிறரும் பயன்படுத்துவதற்காக நூல்களை உரிய வடிவில் மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது என்பதை எடுத்துக்காட்டிய பின் தயக்கம் நீங்கியது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவும், சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் பொது நூல்களுக்கு உதவின. பாடக்குறிப்பை மட்டும் நாமேதான் செய்தாக வேண்டும்.

வரலாற்றுத் தாளில் நிலப்படக் கேள்வி உண்டு. வகுப்பில் அட்டையின் மீது நூலிழையை ஒட்டிக் கடற்கரையையும் காவிரியையும் விரலால் தடவி அறியும்படி செய்தோம். ஆனால் தேர்வில் பார்வையை நம்பிய கேள்விக்கு மாற்றுக் கேள்வி தரவேண்டும் என்பது ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இருந்தது. வினாத்தாள் அச்சுக்குப் போன பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை என்பதால், பருவத்தின் தொடக்கத்திலேயே எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகையும் பெற்றுக்கொண்டோம்.

சொல்வதை எழுதுபவரைத் தேடுவதும் எளிதாக இல்லை. தேர்வரே அழைத்துவரும் எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்கவேண்டும் என்று அந்த 2018 நெறிமுறை கூறியது. அதனால் பட்ட மாணவிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை நாட வேண்டியிருந்தது. நவம்பர் மாதப் பருவத் தேர்வு நேரத்தில் அவர்களுக்குப் பள்ளி வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும். கடைசி நேரத்தில் கிடைப்பவரை அமர்த்தினால், சாதவாகனர், இராட்டிரகூடர் போன்ற பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லியே நேரம் கரைந்துவிடும். எழுத்தரைத் தேர்வுக்கு இரண்டு நாள்களுக்கு முன் சந்திக்க நெறிமுறை அனுமதித்தது. நாங்கள் அதற்கும் முன்பாகவே பழைய வினாத்தாள் ஒன்றை வைத்து மாணவியையும் எழுத்தரையும் பயிற்சி செய்யவைத்தோம். வினாத்தாளை முதலில் முழுவதும் படித்துக்காட்டுவது, பத்தி மாறும்போது சொல்வது, எழுதியதை இறுதியில் திரும்ப வாசிப்பது ஆகிய பழக்கங்கள் அந்தப் பயிற்சியில்தான் வந்தன.

மற்ற மாணவரின் சிக்கல் வேறு. அவருடைய சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்ததால், எழுத்தருக்குத் தகுதியில்லை என்று தேர்வு அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். இதை நான் ஏற்க மறுத்தேன். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று அளித்த தீர்ப்பு, எழுதுவதில் இடர்ப்பாடு உள்ளவருக்கு எழுத்தர் உதவி பெற 40 விழுக்காடு என்பது முன்நிபந்தனை அல்ல என்று தெளிவாகக் கூறியிருக்கிறது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் இத்தகையோருக்கென்றே தனி நெறிமுறைகளும் வந்திருந்தன. அரசு மருத்துவமனையில் எழுதும் இடர்ப்பாட்டுக்கான சான்றைப் பெற்று, தீர்ப்பின் உரிய பக்கங்களையும் நெறிமுறைகளையும் இணைத்து மீண்டும் விண்ணப்பித்தோம். மருத்துவமனை வரிசையில் மாணவருடைய தந்தை கூலி வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆவணப் பட்டியலைச் சேர்க்கையின்போதே கல்லூரி கொடுத்திருந்தால் அந்த அலைச்சல் பாதியாகக் குறைந்திருக்கும். இம்முறை அனுமதி கிடைத்தது. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தந்தார்கள்.

முதல் தேர்வு முடிந்து வெளியே வந்தவர், "கடைசிக் கேள்வி வரைக்கும் போனது இதுதான் மேடம் முதல் தடவை" என்றார். விடை தெரிந்தும் எழுத முடியாமல் பள்ளி முழுவதும் அவர் இழந்த மதிப்பெண்களை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

வகுப்புத் தேர்வுகளிலும் இதே கூடுதல் நேரத்தைத் தருவதெனத் துறைக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம். அக மதிப்பீட்டுக்கு மட்டும் வேறு அளவுகோல் இருப்பது நியாயமல்ல. அடுத்த பருவத்துக்கான குறிப்புகள் யூனிகோடில் தயாராகிவிட்டன. கல்வெட்டியல் தாள்தான் மீதமிருக்கிறது. கல்வெட்டுப் படிகளைத் தடித்த அட்டையில் புடைப்பெழுத்தாக வெட்டிப் பார்க்கிறோம். வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையின் வளைவுகள் விரலுக்குத் தெளிவாகப் புலப்பட எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை மாணவியே தொட்டுப் பார்த்துச் சொல்லிவருகிறார்.