முடிவுறாப் பெருக்குத் தொடர்: மீதியைப் பார்த்த பிறகு தெளிந்தது

வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். தொடர்கள் பற்றிய பாடத்தைத் திறந்ததுமே வந்து நின்றது முடிவுறாப் பெருக்குத் தொடர். ஒவ்வொரு உறுப்பையும் ஒரே எண்ணால், அதாவது பொது விகிதத்தால், பெருக்கி அடுத்த உறுப்பைப் பெற்று, முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போவது. அது ஒருங்குமா (கூடுதல் ஒரு எண்ணை நெருங்கிச் சேருமா), விரியுமா (அப்படிச் சேராமல் போகுமா)? ஒருங்கினால் கூடுதல் எவ்வளவு? சூத்திரம் பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். 1-இலிருந்து பொது விகிதத்தைக் கழி, வந்த எண்ணால் முதல் உறுப்பை வகு, அவ்வளவுதான். ஆனால் அது ஏன் செல்லுகிறது, எங்கே செல்லாது என்பதை உட்கார்ந்து யோசித்தது இந்த முறைதான். அதே பாடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் என்னை நிறுத்தியது 1 + 2 + 4 + 8 + … என்ற தொடர். முதல் உறுப்பு 1, விகிதம் 2. சூத்திரத்தில் போட்டால் 1 ÷ (1 − 2), அதாவது −1. எல்லாமே மிகை எண்கள், கூட்டினால் குறை எண் வருகிறது! சூத்திரம் எதைக் கொடுத்தாலும் ஒரு விடை சொல்லிவிடும். விகிதம் சரியாக 1 ஆக இருந்தால் மட்டும்தான் பூச்சியத்தால் வகுக்க முடியாமல் நிற்கும். தொடர் ஒருங்குகிறதா என்று பார்ப்பது முழுக்க நம் பொறுப்பு.

சூத்திரம் வந்த வழியைப் பார்த்தால் காரணம் புரியும். "கூடுதல் என்று ஒன்று இருக்கிறது" என்று வைத்துக்கொண்டு, அதை விகிதத்தால் பெருக்கி, பழையதிலிருந்து கழிக்கிறோம். முதல் உறுப்பு மட்டும் மிஞ்சுகிறது. கூடுதலே இல்லாத தொடரில் அந்த முதல் வரியே நிற்காது. அப்புறம் கழித்து என்ன பயன்? அதனால் ஒருங்குகிறதா என்பது முதல் கேள்வி, எவ்வளவு என்பது இரண்டாவது. இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

சரி, ஒருங்குவது என்றால் என்ன? முடிவில்லாத எண்களை யாரும் கூட்டி முடிக்க முடியாது. ஒவ்வொரு உறுப்பாகச் சேர்த்துக்கொண்டே போகும்போது கிடைக்கும் பகுதிக் கூடுதல்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணை, நாம் கேட்கும் அளவுக்கு, நெருங்குகின்றனவா என்பதுதான் கேள்வி. 1/4 + 1/16 + 1/64 + … என்பதைக் கையால் கூட்டிப் பார்த்தேன். 0.25, 0.3125, 0.328125, 0.33203125. 1/3-ஐ நோக்கிப் போவது தெரிகிறது. ஆனால் தெரிவது வேறு, உறுதியாவது வேறு.

உறுதி கிடைத்தது நீலகண்ட சோமயாஜியிடமிருந்து. கேரளத்தின் திருக்கண்டியூரைச் சேர்ந்த கணித அறிஞர், 1444-இல் பிறந்தவர். ஆரியபட்டரின் ஆரியபடீயத்துக்கு அவர் எழுதிய பாஷ்யத்தில் (உரையில்), நாணையும் சரத்தையும் (நாணின் நடுவிலிருந்து வில்லுக்கு உள்ள உயரம்) வைத்து வில்லின் நீளத்தைக் கணக்கிடும் இடத்தில், இதே தொடர் வருகிறது. 1/3-இலிருந்து 1/4-ஐ எடுத்தால் மீதி 1/12. அந்த 1/12 என்பது 1/3-இல் நான்கில் ஒரு பங்கு. அதிலிருந்து 1/16-ஐ எடுத்தால் மீதி 1/48. அதிலிருந்து 1/64 போனால் 1/192. ஒவ்வொரு முறையும் மீதி முந்தையதில் நான்கில் ஒன்றாகிறது. எத்தனை உறுப்பு எடுத்தாலும் மீதி எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த மீதியை எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் ஆக்கலாம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வாதத்தைக் கையால் எழுதிப் பார்த்த மாலையில், பாடப்புத்தகத்தின் எல்லை பற்றிய பக்கம் முழுவதும் எனக்கு விளங்கியது. கணிதத்தில் இதைவிட அழகான இடங்கள் எனக்கு அதிகம் தெரியாது.

எந்தப் பெருக்குத் தொடருக்கும் இதே கதைதான். சில உறுப்புகளைக் கூட்டியபின் மீதி இருப்பது, முழுக் கூடுதலை விகிதத்தால் அத்தனை முறை பெருக்கியது. விகிதத்தின் மட்டு மதிப்பு (குறியை விட்டுவிட்டுப் பார்க்கும் அளவு) 1-ஐவிடச் சிறிதென்றால் அந்தப் பெருக்கம் பூச்சியத்தை நோக்கிப் போகும், தொடர் ஒருங்கும். விகிதம் 0.9 என்றால் மெதுவாகப் போகும். 1 + 0.9 + 0.81 + … என்பதன் கூடுதல் 10. ஆனால் பத்து உறுப்பு கூட்டினால் சுமார் 6.51தான் வருகிறது. ஐம்பது கூட்டினால் 9.948. மெதுவாகப் போனாலும் போய்ச் சேர்கிறது. விகிதம் 1.01 என்றால் நூறு உறுப்பிலேயே 170-ஐத் தாண்டிவிடும், அதற்கப்புறம் தடையே இல்லை. விகிதம் குறை எண்ணாக இருந்தால் பகுதிக் கூடுதல்கள் மேலும் கீழுமாக மாறி மாறி வரும்: 1 − 1/2 + 1/4 − 1/8 + … என்பது 1, 0.5, 0.75, 0.625 என்று 2/3-ஐ இரண்டு பக்கமும் சுற்றி நெருங்குகிறது.

கணக்குகளில் என் நேரத்தை அதிகம் வாங்கியது விகிதத்தைக் கண்டுபிடிக்கும் வேலைதான். ஒரு கணக்கில் ந-ஆவது உறுப்பு பின்னமாக இருந்தது: மேலே 2, அதன் அடுக்கு 3ந, கீழே 7, அதன் அடுக்கு ந − 1. பார்த்தவுடன் 2/7 போலத் தோன்றும், ஒருங்கும் என்று கை ஓடும். முதல் மூன்று உறுப்பை எழுதினால் விஷயம் வேறு: 8, 64/7, 512/49. விகிதம் 8/7. இது 1-ஐவிடப் பெரிது, தொடர் விரிகிறது, கணக்கு அங்கேயே முடிந்தது. இன்னொன்றில் மேலே 3, அடுக்கு ந + 1. கீழே 5, அடுக்கு ந. ஆனால் ந 2-இலிருந்து தொடங்குகிறது. முதல் உறுப்பு 27/25, விகிதம் 3/5, கூடுதல் 27/10. தொடக்கம் 0-ஆ, 1-ஆ, 2-ஆ என்பதைச் சூத்திரத்துக்குள் திணிக்கவே வேண்டாம். மூன்று உறுப்பு எழுதினாலே முதல் உறுப்பும் தெரியும், விகிதமும் தெரியும்.

மூன்று ஏன் என்றால், இரண்டு இருந்தால் ஒரு விகிதம்தான் கிடைக்கும். அது பொது விகிதமா என்று தெரியாது. 1 + 1/2 + 1/3 + … என்பதில் முதல் விகிதம் 1/2, அடுத்தது 2/3. இது பெருக்குத் தொடரே இல்லை, இந்த முறை இங்கே செல்லாது. உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போனாலும் இந்தத் தொடர் விரிகிறது என்பதைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் நிக்கோல் ஓரெம் காட்டிவிட்டார்: 1/3 + 1/4 அரையைவிடப் பெரிது, அடுத்த நான்கைக் கூட்டினாலும் அரையைவிடப் பெரிது, அடுத்த எட்டும் அப்படியே.

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. சுழல் தசமப் பயிற்சியோடு வந்து உட்கார்ந்தாள். "மாமா, 0.41666… இதுல 41 திரும்ப வரலையே, இதுக்கு எப்படிப் போடறது?"

"அந்த 41-ஐத் தனியா வைம்மா. திரும்ப வர்றது எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் தொடரும் ஆரம்பிக்குது."

0.006 + 0.0006 + 0.00006 + … என்பதுதான் தொடர். முதல் உறுப்பு 0.006, விகிதம் 0.1, கூடுதல் 0.006 ÷ 0.9, அதாவது 1/150. அதனுடன் 41/100-ஐச் சேர்த்தால் 5/12. பந்து கணக்குக்கும் இதே யோசனைதான் உதவியது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து, ஒவ்வொரு முறையும் விழுந்த உயரத்தில் 3/5 பங்கு எழும்புகிறது. மொத்தம் பயணித்த தூரம் என்ன? முதல் 10 மீட்டர் கீழே மட்டும். அது தொடருக்கு வெளியே. பிறகு 6 மீட்டர் மேலே, 6 கீழே, 3.6 மேலே, 3.6 கீழே. 6 ÷ (2/5) என்பது 15. இரு மடங்கு 30. பத்தைச் சேர்த்தால் 40 மீட்டர்.

கடைசியாகச் செய்தது மாறி வைத்த கணக்கு. மாறியை அ என்போம். ஒன்றில் தொடங்கி, ஒவ்வொரு உறுப்பையும் (அ − 3)/2-ஆல் பெருக்கிக்கொண்டே போகும் தொடர் எப்போது ஒருங்கும்? விகிதம் −1-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது அ, 1-க்கும் 5-க்கும் இடையில். அங்கே கூடுதல் 2 ÷ (5 − அ). நான் அதிக நேரம் செலவிட்டது விளிம்புகளில். அ = 5 என்றால் 1 + 1 + 1 + …, சந்தேகமே இல்லை, விரிகிறது. அ = 1 என்றால் 1 − 1 + 1 − 1 + …. சூத்திரம் 1/2 என்கிறது. இத்தாலியக் கணித அறிஞர் கிராந்தி 1703-இல் இந்தத் தொடரைப் பற்றி எழுதினார். ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸும் 1/2 என்பதையே ஏற்றார். ஆனால் பகுதிக் கூடுதல்கள் 1, 0, 1, 0 என்று மாறிக்கொண்டே இருக்கின்றன, எந்த எண்ணிலும் நிலைப்பதில்லை. மீதியைப் பாருங்கள்: 1/2-இலிருந்து முதல் உறுப்பை எடுத்தால் −1/2, அடுத்ததை எடுத்தால் மறுபடி 1/2. குறையவே இல்லை. அதனால் விடைத்தாளில் 1-ஐயும் 5-ஐயும் சேர்க்காமல், இடைப்பட்ட திறந்த இடைவெளியை மட்டும் எழுதினேன்.