விளக்கின் அளவை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளில் விசாலமான இடத்தில் பத்து இருபது விளக்குகள் ஒன்றாக எரியும். அங்கே அளவாகத் தெரியும் விளக்கு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறையில் தலைக்குமேல் கவிழ்ந்து நிற்கும். அதனால் அளவை வீட்டிலேயே கணக்கிட்டு எழுதிக்கொண்டு போவதுதான் நல்லது.

படுக்கையறைக்குக் கணக்கு எளிது. அறையின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் கூட்டி எட்டால் பெருக்கினால், விளக்கின் விட்டம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை என்றால் 48. ஒரு சுவர் முழுக்க அலமாரி இருந்தால் அதன் ஆழம் 60 செ.மீ.யைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள், 43 வரும். கூரையைத் தொடும் அலமாரி என்றால் கதவைத் திறந்து பார்க்கவும் மறக்காதீர்கள். கதவு விளக்கில் இடித்த பிறகு விளக்கை நகர்த்துவது எளிதல்ல; வயர் பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள் போகிறது. பழைய தமிழ் முரசு நாளிதழ்த் தாள்களை ஒட்டி, அந்த அளவுக்கு வட்டமாக வெட்டி, கூரையில் டேப் போட்டு ஒட்டிவிட்டு வாசலில் நின்று பாருங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கை அறை அளவு தீர்மானிப்பதில்லை, மேசைதான் தீர்மானிக்கும். மேசை அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போதும். 80 செ.மீ. அகல மேசைக்கு 40 முதல் 53. விளக்கின் அடிப்பகுதி மேசைக்கு மேலே 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். அதற்கு மேல் ஏற்றினால் பல்பு கண்ணில் குத்தும். கீழே இறக்கினால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. மின் இணைப்பு மேசைக்கு நேர் மேலே இல்லாவிட்டால், நீளமான வயர் வாங்கி, கூரையில் கொக்கி அடித்து இழுத்துக்கொள்ளலாம்.

நடக்கும் இடத்தில் விளக்குக்குக் கீழே 2.1 மீட்டராவது வேண்டும். கூரை 2.6 மீட்டர் என்றால் விளக்கு 50 செ.மீ.க்கு மேல் தொங்கக் கூடாது. ஃபால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே அமைக்கும் போலிக் கூரை) போட்டு 2.4 ஆகிவிட்டால் 30 செ.மீ.தான் மிச்சம். அங்கே கூரையோடு ஒட்டிய விளக்குதான் பொருந்தும்.

அதிகம் கோட்டைவிடுவது மின்விசிறி உள்ள ஹாலில்தான். டவுன்லைட் (கூரையில் துளை போட்டுப் பதிக்கும் விளக்கு) வெளிச்சம் சுழலும் இறக்கையில் பட்டால் அறை முழுக்க நிழல் வெட்டிவெட்டி அடிக்கும். படிக்க முடியாது, தலைவலி வரும். 52 அங்குல விசிறியின் ஆரம் 66 செ.மீ. அதற்கு வெளியே விளக்கு இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் விரிந்துகொண்டே இறங்குகிறதே! இறக்கை கூரையிலிருந்து 35 செ.மீ. கீழே இருந்து, விளக்கு 60 பாகை கோணத்தில் விரிந்தால், விசிறியின் மையத்திலிருந்து குறைந்தது 86 செ.மீ. தள்ளி வையுங்கள். 90 பாகை என்றால் 101. ஒப்பந்தக்காரர் துளை போடுவதற்கு முன்பே இந்த எண்களைச் சொல்லிவிட வேண்டும், பிறகு துளையை மூடுவது பெரிய வேலை.

டவுன்லைட் வாங்கும்போது பெட்டியில் இரண்டு விட்டம் இருக்கும். வெளி விளிம்பு கண்ணுக்குத் தெரிவது. வெட்டும் துளை அதைவிடச் சிறியது. பழைய விளக்கை மாற்றுபவர்கள் கடைக்காரரிடம் துளை அளவைச் சொல்லிக் கேளுங்கள்.